எட்டாம் பாரக்கின் வெல்லம்

ஜெயில் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் இந்தப் போஸ்டிங்கைத் தண்டனையாக நினைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். நான் ஆர்டரை வாங்கிக்கொண்டு விவேக் நகர் வீட்டுக்குப் போனபோது என் அம்மா கேட்ட முதல் கேள்வி, "நீ என்னடி தப்பு பண்ணே?" என்பதுதான். பரவாயில்லை. எந்த முகத்தோடு வந்தீர்கள் என்பது எனக்கு முக்கியம் இல்லை. வந்த இடத்தில் உங்கள் அலட்சியத்தால் ஒருத்தன் சாகக் கூடாது. அவ்வளவுதான்.

மருந்து அளவெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். ஜெயிலில் அதே மருந்து வேறு மாதிரி வேலை செய்யும். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நான் சேர்ந்த முதல் நாள் அங்கே இருந்த பெரிய டாக்டர் ஒருவர் எனக்கு ஞானம் சொன்னார். "இங்க வர்றவன்ல பாதிப் பேர் நடிப்பான்மா. ஏமாந்துடாதே." அவர் சொன்னது பொய் இல்லை. நடிப்பார்கள். கோர்ட் தேதிக்கு முந்தின நாள் நெஞ்சு வலிக்கும். அடைத்து வைக்கிற பாரக்கை மாற்றினால் வயிறு வலிக்கும். ஒருத்தன் வலது காலை நொண்டிக்கொண்டு உள்ளே வந்து இடது காலை நொண்டிக்கொண்டு வெளியே போனான். நானே சிரித்துவிட்டேன். ஆனால் அந்தப் பெரியவர் மிச்சப் பாதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடிக்கிறவனுக்கு ஒரு தடவை வைத்தியம் பார்த்துவிட்டால் என்ன குடி முழுகிப் போகும்? ஒரு மாத்திரை வீண். நடிக்காதவனை ஒரு தடவை விரட்டினால் பிணம். இந்தக் கணக்கைப் போடத் தெரியாதவன் டாக்டர் வேலைக்கு எதற்கு வருகிறான்?

குமார் விஷயத்துக்கு வருகிறேன்.

குமார் ஸ்ரீராம்புரத்துப் பையன். குப்பை ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். தெருச் சண்டையில் ஒருத்தன் மண்டை உடைந்து, அந்தக் கேஸில் விசாரணைக் கைதியாக எட்டாம் பாரக்கில் இருந்தான். சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. காலையும் சாயங்காலமும் இன்சுலின் போட்டாக வேண்டும். ஜெயிலில் ஊசியை ஆள் கையில் கொடுக்க மாட்டார்கள். அதனால் சாயங்காலச் சாப்பாடு கொடுக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவன் ஆஸ்பத்திரிக்கு வருவான். நர்ஸ் ஊசி போடுவார். அவன் போய்த் தட்டில் ராகிக் களி முத்தேயும் குழம்பு மாதிரி சாரும் வாங்கிக்கொள்வான். பிறகு எல்லாரையும் உள்ளே விட்டு, எண்ணி, பூட்டிவிடுவார்கள். ஊசி, உடனே சாப்பாடு. காகிதத்தில் பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது.

ஆனால் அவன் காலையில் வந்து, "பூட்டினப்பறம் ஒரு மாதிரி ஆவுது மேடம். கை நடுங்குது, வேர்க்குது," என்று இரண்டு மூன்று தடவை சொன்னான். ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவனிடம் கேட்டது ஒரே கேள்வி. "சாப்ட்டியா?" "சாப்ட்டேன் மேடம்." அவன் பொய் சொல்லவில்லை. அளவைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தோம். காலையில் சர்க்கரை ஏறியது. மறுபடி கூட்டினோம். அந்த வாரக் கடைசியில் அவனுக்கு ஜாமீன் விசாரணை. வீட்டில் பெண்டாட்டி கைக்குழந்தையோடு காத்திருந்தாள். அவன் தலைக்குள் அதைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை.

அன்றைக்கு நான் வேலை முடிந்து கேட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். பூட்டி முடித்திருந்தார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. எட்டாம் பாரக்கிலிருந்து ஒரே கூச்சல். தட்டால் கம்பியில் அடிக்கிறார்கள். வெளியே வார்டர் நாகராஜ் லத்தியோடு நிற்கிறார். கன்னடக்காரர். நல்ல மனுஷன், ஆனால் பயந்த மனுஷன்.

"என்ன நாகராஜ்?"

"ஏனூ இல்ல மேடம். குமாரு நஷேல இருக்கான். எவனோ கஞ்சா கொடுத்திருக்கான். ஒருத்தன் கைய கடிச்சுட்டான். நீங்க ஹோகி மேடம், பஸ் போயிடும்."

கம்பி வழியாகப் பார்த்தேன். குமார் தரையில் கிடந்து கையைக் காலை உதறிக்கொண்டிருந்தான். என் தலைமுறையே கேட்காத கெட்ட வார்த்தைகள் வாயில் வந்துகொண்டிருந்தன. சட்டை தண்ணீரில் முக்கியெடுத்த மாதிரி நனைந்திருந்தது. கஞ்சா அடித்தவன் இப்படி வேர்க்க மாட்டான். இன்சுலின் போட்டவன் வேர்ப்பான்.

"இது போதை இல்லை. சர்க்கரை இறங்கிப் போச்சு. கதவைத் திறங்க."

"சாவி ஜெயிலர் சார்கிட்ட மேடம். சார் கேட்ல இருக்காரு. கோர்ட் வேன் இன்னும் வரல."

பூட்டி எண்ணி முடித்த பிறகு ஒரு பாரக்கைத் திறப்பது சும்மா காரியம் இல்லை. டூட்டி ஜெயிலர் சாவியோடு நேரில் வர வேண்டும். அவரோ கேட்டில் நின்றுகொண்டிருந்தார். கோர்ட்டுக்குப் போன கைதிகளின் வேன் சில்க் போர்டு சிக்னல் டிராஃபிக்கில் எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. நாகராஜின் வாக்கி டாக்கியை வாங்கி நானே பேசினேன்.

"சார், எட்டாம் பாரக். ஒருத்தனுக்குச் சர்க்கரை இறங்கி ஃபிட்ஸ் வரப் போகுது. இப்பவே சாவி வேணும்."

"மேடம், அது கஞ்சா கேஸ். எனக்கு ரிப்போர்ட் வந்தாச்சு. வேன் வரட்டும், வர்றவனை உள்ள விட எப்படியும் அந்தப் பாரக்கைத் திறக்கணும், சேர்த்தே திறக்கலாம்."

"அதுக்குள்ள செத்துடுவான் சார்."

"இவனுங்க அவ்வளவு சீக்கிரம் சாக மாட்டானுங்க மேடம்."

இந்த ஆளிடம் இன்னொரு வார்த்தை பேசினால் நேரம்தான் போகும் என்று புரிந்தது. இதைக் கவனியுங்கள். நெருக்கடியில் கோபம் வரும், வரட்டும். சண்டையை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கும் அவர் அங்கேதான் இருப்பார். கிடக்கிறவன் இருப்பானா தெரியாது.

மருந்து ஆஸ்பத்திரியில் இருந்தது. குளுக்கோஸ் ஊசி, ரத்தம் பார்க்கிற மெஷின் எல்லாம். கொண்டு வந்தாலும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, உதறுகிற கையில் நரம்பைக் குத்த முடியாது. முதலில் உதறல் நிற்க வேண்டும். அதற்கு உள்ளேயே இனிப்பாக ஏதாவது வேண்டும்.

ஒருத்தன் பிஸ்கட்டை நீட்டினான். "மேடம், பிஸ்கட் குடுக்கட்டா?"

"குடுத்தா தொண்டையில அடைச்சுச் சாவான். வை அதை."

என்னிடம் டிபன் டப்பாவும் குடையும்தான் இருந்தன. பாரக்குக்குள் சர்க்கரை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. வெல்லத்துக்கும் தடை. ஏன் என்று உங்களுக்குச் சொல்கிறேன், யாரும் சொல்ல மாட்டார்கள். வெல்லத்தையும் அழுகின பழத்தையும் பக்கெட்டில் ஊறப் போட்டால் கொஞ்ச நாளில் சாராயம் மாதிரி ஒன்று கிடைக்கும். ஆகவே எந்தப் பாரக்கில் வெல்லம் பிடிபட்டாலும் வைத்திருந்தவனுக்குத் தனி செல். வீட்டார் வந்து பார்க்கிற முலாகாத்தும் ரத்து. அப்படியும் எல்லாப் பாரக்கிலும் வெல்லம் இருக்கும். எட்டாம் பாரக்கில் அது யாரிடம் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். தாஸ். சிவாஜிநகர் துணிக்கடையில் மூட்டை தூக்கியவன், அந்தப் பாரக்குக்கே பெரிய ஆள். சண்டை வந்தால் தீர்ப்பு அவனுடையது.

ஆனால் வார்டர் நிற்கும்போது எந்த மடையன் வெல்லத்தை எடுத்து நீட்டுவான்?

"நாகராஜ், நீங்களே ஓடிப் போய் நர்ஸ்கிட்ட குளுக்கோஸ் ஊசியும் மெஷினும் வாங்கிட்டு வாங்க. வேற யாரையும் அனுப்பாதீங்க."

"நான் எப்படி மேடம் இடத்த விட்டு..."

"நான் நிக்கிறேன். உங்க பாரக்கைத் தூக்கிட்டா போயிடப் போறேன்? ஓடுங்க!"

ஓடினார். ஊசியும் வேண்டும்தான். ஆனால் அவரை அனுப்பியதற்கு அது இரண்டாவது காரணம். அவர் முதுகு திரும்பியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"தாஸ், வெல்லத்தை எடு."

"இன்னா மேடம், எங்கிட்ட இன்னா வெல்லம்..."

"நான் கேக்கிறது டாக்டரா. உன் பேரு என் வாயில வராது. எடு, இல்லேன்னா இவன் உன் கண்ணு முன்னால போறான்."

என்னை ஒரு கணம் பார்த்தான். அவன் எடை போட்டது எனக்குத் தெரிந்தது. அவனை மன்னிக்கவோ காப்பாற்றவோ எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அது அவனுக்கும் தெரியும். பிறகு அவன் திரும்பிப் பார்க்காமலேயே பின்னால் கை நீட்ட, யாரோ அந்தக் கையில் ஒரு உருண்டையை வைத்தார்கள்.

நான் சொல்லச் சொல்லச் செய்தான். குமாரை ஒருக்களித்துப் படுக்க வைத்து இரண்டு பேர் பிடித்தார்கள். தாஸ் வெல்லத்தைத் தண்ணீர் தொட்டுக் குழைத்து விரலால் ஈறிலும் கன்னத்து உள்பக்கத்திலும் தேய்த்தான். கொஞ்சம் கொஞ்சமாக. ஊற்றவில்லை, திணிக்கவில்லை. குமார் அந்த விரலையும் கடித்தான். "கடிடா கடி, இனிப்பாத்தான் இருக்கும்," என்றான் தாஸ். உதறல் குறைந்தது. கெட்ட வார்த்தை நின்றது. நாகராஜ் மூச்சிரைக்க வந்தபோது குமாரின் கை கம்பிக்கு வெளியே என் பிடியில் அசையாமல் இருந்தது. விரலைக் குத்தி மெஷினில் பார்த்தேன். அத்தனை வெல்லம் உள்ளே போன பிறகும் நம்பர் பாதாளத்தில்தான் இருந்தது. கம்பி வழியாகவே நரம்பில் ஊசி ஏற்றினேன். கண்ணைத் திறந்தான்.

"மேடம், இன்னா இங்க?" என்று என்னைக் கேட்டான். பாரக் முழுக்கச் சிரித்தது.

"நீ எப்ப சாப்ட்டே?" என்றேன். எத்தனையோ நாளாக யாரும் அவனிடம் கேட்காத கேள்வி.

"இன்னும் சாப்டல மேடம். வேன் வரல இல்ல."

தாஸ்தான் விளக்கினான். தட்டில் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் யாரும் சாப்பிட மாட்டார்கள். கோர்ட்டுக்குப் போனவன் காலையில் தின்னதோடு போயிருப்பான். ஜாமீன் கிடைக்காமல் நொந்து வருவான். அவன் வந்து உட்கார்ந்த பிறகுதான் பாரக் சாப்பிடும். "அவன் வராம தட்டுல கை வெக்கறது இல்ல மேடம். அது நம்ம பாரக்ல முறை."

நல்ல முறை. வெளியே எத்தனை வீட்டில் இருக்கிறது? அந்த நல்ல முறைதான் குமாரைக் கொல்லப் பார்த்தது. தட்டில் போடுகிற நேரம்தான் சாப்பிடுகிற நேரம் என்று ஜெயில் நினைத்தது, ஆஸ்பத்திரியும் நினைத்தது. வேன் சீக்கிரம் வந்த நாளெல்லாம் குமார் பிழைத்தான். டிராஃபிக் நின்ற நாளெல்லாம் நடுங்கினான். மனுஷன் சர்க்கரை சில்க் போர்டு சிக்னலைப் பார்த்து ஏறி இறங்கியிருக்கிறது!

மறுநாள் ஜெயில் சூப்ரண்ட் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். ஜெயிலர் முந்திக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தார். குமார் போதையில் இருந்தான் என்று கோர்ட்டுக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும் என்றார். போனால் ஜாமீன் போச்சு. இரண்டாவதாக அவருக்கு ஒரு பெயர் வேண்டும். வேன் வந்து பாரக்கைத் திறந்தபோது குமார் வாயெல்லாம் வெல்லம் ஒட்டியிருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"யார் கொடுத்தது மேடம்?"

"சொல்ல மாட்டேன்."

"அது சாராயம் போட வெச்ச வெல்லம்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாங்கினீங்க?"

"தெரிஞ்சதாலதான் கேட்டேன். இல்லாதவங்ககிட்ட கேட்டு என்ன பிரயோஜனம்? உங்ககிட்ட சாவி கேட்டேனே, வந்துச்சா?"

"மேடம், மரியாதையா பேசுங்க!"

நான் சூப்ரண்டைப் பார்த்தேன். அவர் அதிகம் பேசாத ஆள், ஆனால் காது இருந்தது. "சார், பூட்டின பாரக்குல ஒரு கைதி செத்தா மாஜிஸ்திரேட் விசாரணைக்கு வருவார். என்னைக் கேப்பார். மருந்து எங்கே இருந்துச்சு? ஆஸ்பத்திரியில. சாவி எங்கே இருந்துச்சு? கேட்ல. கேட்டப்ப ஏன் வரல? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்ல மாட்டேன், ஜெயிலர் சாரைக் காட்டுவேன். நேத்து அந்த விசாரணை வராம தடுத்தது ஒரு உருண்டை வெல்லம். கொடுத்தவனை இன்னைக்கு செல்லுல போட்டா, அடுத்த தடவை எவனும் கொடுக்க மாட்டான். அப்ப மாஜிஸ்திரேட் வருவார்."

கருணையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மேஜையில் கருணை செல்லாது, விசாரணை செல்லும். எந்த மேஜையில் எது செல்லும் என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். குமாரைப் பற்றிய என் மெடிக்கல் ரிப்போர்ட்டையும் மெஷின் காட்டிய நம்பரையும் மேஜையில் வைத்தேன்.

சூப்ரண்ட் ரிப்போர்ட்டை எடுத்துப் படித்தார். பிறகு ஜெயிலரிடம், "பாரக்கைச் சோதனை போடுங்க. வெல்லம் கெடச்சா எடுத்துடுங்க. பேரு வேண்டாம்," என்றார். சோதனை போட்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? கோர்ட்டுக்கு என் ரிப்போர்ட்தான் போனது. குமாருக்கு ஜாமீன் கிடைத்தது. போகும்போது இன்சுலினைக் கையில் கொடுத்து, கடைசித் தடவையாகத் திட்டியும் அனுப்பினேன். இதையும் மறக்காதீர்கள். ஜாமீன் ஆர்டர் எப்போதும் ஓடிவரும், மருந்துதான் பின்தங்கும். கேட் வரை நீங்களே போங்கள்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்து ஓ.பி.யில் தாஸ் வந்து நின்றான். அவன் அதுவரை ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவன் இல்லை.

"பேரு சொல்லலியாமே மேடம்."

"உனக்கு என்ன வேணும்? வரிசை நிக்குது பார்."

பக்கத்தில் வந்து குரலை இறக்கினான். "எனக்கு ரொம்ப நாளா இருமல் மேடம். சளியில ரத்தம் வருது."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "மடையா! அத்தனை பேரோட படுத்துத் தூங்கறியே, யார்கிட்டயும் சொல்ல மாட்டியா?"

"சொன்னா டி.பி. வார்டுல போடுவீங்க. முலாகாத்து நின்னுடும். எம் பொண்ணு மாசத்துக்கு ஒருதரம் வரா மேடம். அது ஒண்ணுதான். நீங்க சொல்ல மாட்டீங்கன்னு தெரிஞ்சுச்சு. அதான் வந்தேன்."

டி.பி.தான். சொல்லாமல் இருக்க முடியாது, வார்டுக்கும் போயாக வேண்டும் என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். முலாகாத்துக்கு நான் பொறுப்பு என்றும் சொன்னேன். சூப்ரண்டிடம் போய் மறுபடி கத்தினேன். தாஸ் மாஸ்க் போட்டுக்கொண்டு, திறந்த வெளியில், தள்ளி உட்கார்ந்து மகளைப் பார்த்தான். எட்டாம் பாரக் முழுவதையும் சோதித்தோம். ஒருத்தனும் முரண்டு பிடிக்கவில்லை, தாஸ் சொல்லிவிட்டுத்தான் வார்டுக்குப் போயிருந்தான். இன்னும் சிலருக்கு இருந்தது. எல்லாருக்கும் மருந்து ஓடியது. நான் அன்றைக்கு அந்த ஆபீஸில் பெயரைச் சொல்லியிருந்தால் தாஸ் தனி செல்லில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, அதே இருமலோடு அதே பாரக்குக்குத் திரும்பியிருப்பான். யாருக்கும் தெரிந்திருக்காது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்து அந்த நோயை நான் கண்டுபிடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு கண்டுபிடித்தேன்.

சாப்பாட்டு விஷயத்தில் இரண்டு மாற்றம் வந்தது. சர்க்கரைக்காரர்கள் சாயங்காலம் ஊசி போட்டதும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நர்ஸ் முன்னால் தின்றுவிட்டுப் போக வேண்டும் என்று நான் ஆர்டர் போட்டேன். அதற்கு முன்பே பாரக்கில் தாஸ் ஆர்டர் போட்டிருந்தான். "சக்கரைக்காரன் மொதல்ல துன்னணும். அப்பறம்தான் முறை." என் ஆர்டர் ஸ்டாஃப் குறைந்த நாட்களில் தவறியது. அவனுடையது தவறவில்லை.

இன்னொன்றையும் சண்டை போட்டு வாங்கினேன். ஒவ்வொரு பாரக் வாசலிலும், கம்பிக்கு உள்பக்கம், கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட். வெல்லத்துக்கு சூப்ரண்ட் ஒத்துக்கொள்ளவில்லை, குளுக்கோஸுக்குத் தலையாட்டினார். கைதிகள் அதை "மேடம் வெல்லம்" என்றார்கள். ஜெயில் ஸ்டாஃப் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "பாருங்க மேடம், ரெண்டே நாள்ல அதுலயும் சாராயம் போடுவானுங்க."

போடவில்லை. நான் ரிட்டையர் ஆகும்வரை ஒரு பாரக்கிலும் அந்தப் பாக்கெட்டைக் கைதி யாரும் வீணுக்குத் தொடவில்லை. பிரித்த ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தன் உண்மையாகவே விழுந்திருந்தான். ஆனால் பாக்கெட் காணாமல் போகாமல் இல்லை. புது ஜெயிலர் வருவார், ஒழுங்கு என்பார், கழற்றிவிடுவார். பெரிய அதிகாரி பார்வையிட வருவார், கம்பி சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று கழற்றுவார்கள். நான் போய்க் கத்திவிட்டு மறுபடி தொங்கவிடுவேன். என் வேலையில் பாதி இதுதான்.

இப்போது நான் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள். நாளைக்கு ரவுண்ட்ஸ் போகும்போது எட்டாம் பாரக் வாசல் கம்பியைப் பாருங்கள். பாக்கெட் இல்லையென்றால், யார் எடுத்தது என்று உள்ளே இருக்கிறவனைக் கேட்காதீர்கள். வெளியே இருக்கிறவனைக் கேளுங்கள்.